சுகந்தி எனக்காக எழுதிய ஒரு வரி

சுகந்தி இறந்துபோன செய்தி எனக்கு வந்தது, இரண்டு வருடங்களுக்கு முன் அவரை நீக்கிவிட்ட அதே வாட்ஸ்அப் குழுவில். மதியம் துறை அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். "முன்னர் நமது துறையில் பணியாற்றிய சுகந்தி அவர்கள் இன்று காலை காலமானார்" என்று யாரோ போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அதற்கும் கீழே துறைத் தலைவரின் அறிவிப்பு: தர மதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகளை நான்கு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். நான் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். கோப்பு முடியுமா என்று யோசித்தேன். பிறகுதான் மேலே போய் அந்தப் பெயரைத் திரும்பப் படித்தேன். அவரைத் தெரிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு விருப்பமில்லை. இந்த வேலை எங்களை இப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறது.

அவருக்கு வயது முப்பத்தொன்பது. கோவையில் எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் ஆறு வருடம் என்னோடு தற்காலிக ஆசிரியராக இருந்தார். அதன் பிறகு பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு கல்லூரி. கணபதியில் உள்ள தன் வீட்டிலிருந்து தினமும் பேருந்து மாறிப் போய்வந்தார். காய்ச்சல் கண்ட முதல் நான்கு நாளும் வகுப்புக்குப் போயிருக்கிறார். ஐந்தாம் நாள் மருத்துவமனை. டெங்கு. எங்களைப் போன்றவர்களுக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. வராத நாள் சம்பளமில்லாத நாள், அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழில் டெங்கு என்று இருக்கும். மற்றதை எழுத அதில் கட்டம் இல்லை.

சுகந்தி வந்து சேர்ந்த முதல் வாரம் நடந்தது நினைவிருக்கிறது. எங்கள் பக்கம் யாரும் யாரிடமும் "நீங்க என்ன சாதி" என்று நேராகக் கேட்கமாட்டார்கள். அத்தனை மரியாதை. சுற்றிவளைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு, கடைசியில் அதைத்தான் கேட்பார்கள். துறையின் மூத்தவர் ஒருவர் ஆரம்பித்தார்.

"ஏனுங்க மேடம், எந்த ஊருங்க?"

"கணபதிங்க சார்."

"அது இப்பங்க. பூர்வீகமுங்க?"

"பூர்வீகமும் கணபதிதானுங்க. லேத் பட்டறை மாடியில."

"அதுக்கும் முன்னாடிங்க?"

"அதுக்கு முன்னாடி எங்கம்மா வயித்துலங்க சார். அங்க எந்தத் தெருன்னு கேட்டுச் சொல்றேனுங்க."

அறையே சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். ஆனால் ஒரு மாதத்துக்குள் அவருக்கு விடை தெரிந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்குத் துறையில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தவர், சுகந்தியின் மேசையில் வைக்க மட்டும் மறந்துபோனார். சுகந்தி கோபப்படவில்லை. "கள ஆய்வுக்கு நாம வெளிய போகவே வேண்டாமுங்க போல" என்றார் என்னிடம்.

மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவர்கள் ஆளுக்கு ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். நான் சொல்லப்போகும் வருடத்தின் பொதுத் தலைப்பு 'மோதல், அடையாளம், சமூக மாற்றம்'. பிள்ளைகள் கொண்டுவந்த மோதல்கள் எல்லாம் கடல் தாண்டி இருந்தன. ஆப்பிரிக்காவின் உள்நாட்டுப் போர், ஐரோப்பாவின் அகதிகள். இணையத்திலேயே எல்லாம் கிடைக்கும், வெட்டி ஒட்டலாம். நாங்களும் சரி சரி என்றோம், எங்களுக்கும் வேலை மிச்சம். சுகந்தி மட்டும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டார்: "உங்க தெருவுல சண்டையே இல்லீங்களா?"

ஒருவன் வீம்பாகச் சொன்னான். "எங்க ஊர்ல எல்லாரும் ஒத்துமையா இருக்கறோமுங்க மேடம்."

"அப்படீங்களா? சுடுகாடு எத்தனை கண்ணு?"

அவன் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தான். இரண்டாவது விரலில் நிறுத்திக்கொண்டான்.

"தூரத்துச் சண்டையப் பத்தி எழுத நாலு மேற்கோள் போதும். பக்கத்துச் சண்டைக்கு நடந்து போகணும்" என்று வகுப்பில் அடிக்கடி சொல்வார். அவரிடம் படித்த உங்களில் பலருக்கு இது மனப்பாடமாகியிருக்கும்.

அப்படி நடந்து போனவர்களில் ஒரு மாணவி, அந்தியூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தோட்டம் உள்ள குடும்பத்துப் பெண். தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், எழுதவில்லை. அவர் தன் ஊர் மாரியம்மன் திருவிழாவையே, எங்கள் பக்கச் சொல்லில் நோம்பியையே, ஆய்வுக்கு எடுத்தார். தலைமுறைகளாக அந்த நோம்பிக்குக் காலனி ஆண்கள்தான் தப்பட்டை அடித்தார்கள். கோயிலுக்குள் அவர்களுக்கு இடமில்லை. ஒரு வருடம் காலனியின் இளைஞர்கள் அடிக்க மாட்டோம் என்றார்கள். ஊருக்குள் இருப்பவர்கள் கெஞ்சவில்லை. பாலக்காட்டிலிருந்து செண்டை மேளம் பிடித்து வந்தார்கள். நோம்பி முடிந்த மறுவாரம் காலனி ஆண்கள் ஒருவருக்கும் எந்தத் தோட்டத்திலும் வேலை இல்லை என்றார்கள். மாடு கட்டும் கட்டுத்தரையில் சாணி எடுக்கிற பெண்களை மட்டும் விட்டுவைத்தார்கள். சாணி எடுக்க வேறு ஆள் வரமாட்டார்கள் அல்லவா. இதையெல்லாம் அந்த மாணவி இருபது வயதில், முதன்முறையாகக் காலனிக்குள் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினார். அவர் வீட்டிலிருந்து அந்தத் தெரு பத்து நிமிட நடை. அதுவரை போனதில்லை.

சுகந்தி அதை வரி வரியாகத் திருத்தினார். பேசியவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று ஊருக்கு 'ஊர் அ' என்று பெயர் வைத்தார். பேசிய நான்கு பேரும் 'தகவலாளர் 1' முதல் 'தகவலாளர் 4' வரை ஆனார்கள். நான்காவது தகவலாளர் ஐம்பது தாண்டிய ஒரு பெண், ஒரு தோட்டத்துக் கட்டுத்தரையில் வேலை பார்ப்பவர். வேலையை நிறுத்தியது யார் யார், எந்த வீட்டில் உட்கார்ந்து அதை முடிவு செய்தார்கள் என்பது வரை அவர்தான் விவரமாகச் சொல்லியிருந்தார்.

எல்லாம் சரியாக இருந்தது. கடைசி நாளில் மாணவி தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து நன்றியுரை எழுதினார். இறைவனுக்கு, பெற்றோருக்கு, பெரியப்பா முதலான உறவினர்களுக்கு, முதல்வருக்கு, தட்டச்சு செய்த அண்ணனுக்கு. அதன் பிறகு, "எனக்குத் தகவல் அளித்து உதவிய" என்று ஆரம்பித்து நான்கு பேரின் பெயர்கள், திரு, திருமதி போட்டு, மரியாதையாக. அதில் பெண் பெயர் ஒன்றுதான். மாரக்காள்.

மாணவி மனதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. உதவியவருக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லாவிட்டால் அது மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை. அந்தப் பக்கம் சுகந்தியின் கண்ணில் படாமல் கடையிலிருந்து நேராகப் பைண்டிங்குக்குப் போனது. அடுத்து அந்தப் புத்தகம் வந்து சேர்ந்த மேசை என்னுடையது. நான்தான் இரண்டாம் மதிப்பீட்டாளர். ஒரே பிற்பகலில் இருபத்திரண்டு ஆய்வேடுகளில் கையெழுத்துப் போட்டேன். சான்றிதழ்ப் பக்கத்தை மட்டும் திறந்தேன். இரண்டு தாள் புரட்டியிருந்தால் நன்றியுரை.

கிராமத்தில் ஆய்வேட்டை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைப்போம். உள்ளே படிக்கமாட்டார்கள்தான். ஆனால் நன்றியுரையைப் படிப்பார்கள். தன் பெயர் வந்திருக்கிறதா, பங்காளி பெயர் தனக்கு முன்னால் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமே. பச்சை ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவியின் வீட்டில் உறவினர்கள் அதைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா தன் பெயரைத் தேடினார், இருந்தது. நான்கு வரி கீழே மாரக்காள் பெயரும் இருந்தது. பதினெட்டு வருடமாக மாரக்காள் சாணி எடுத்தது அவருடைய கட்டுத்தரையில்தான். அதற்குப் பிறகு அவர் உள்ளேயும் படித்தார். திங்கட்கிழமை காலை வந்த மாரக்காளை வாசலிலேயே நிறுத்தி, "நீதான் பொஸ்தகத்துல ஏறிட்டியே, இனி உனக்குச் சாணிக்கூடை எதுக்கு?" என்று கேட்டு, வேலையிலிருந்து நிறுத்தினார்.

மாணவி அழுதுகொண்டே போன் செய்தபோது நான் சுகந்தியின் பக்கத்தில் இருந்தேன். "அழுவறது அப்பறம் அழுதுக்கலாமுங்க. நாலு பேருல யாராரு இன்னும் தோட்டத்து வேலைக்குப் போயிட்டிருந்தாங்க, அதச் சொல்லுங்க" என்றார். மற்ற மூவரும் ஆண்கள். ஏற்கெனவே தோட்டத்தை விட்டுக் பனியன் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள். இழக்க வேலை என்று ஒன்று இருந்தது மாரக்காளுக்கு மட்டும்தான்.

மறுநாள் நாங்கள் இருவரும் பேருந்து ஏறினோம். வழி நெடுக நான் பேசியது என்னைப் பற்றியே: கல்லூரிக்குத் தெரிந்தால் என்ன செய்வது, முதல்வர் என்ன சொல்வார். பவானி தாண்டியபோது சுகந்தி திரும்பிப் பார்த்தார். "அந்தம்மா மூஞ்சியப் பாத்து மொதல்ல என்ன சொல்லோணும்னு யோசிங்க. பிரின்ஸிபால் மூஞ்சியெல்லாம் அப்பறம்."

மாரக்காள் தன் வீட்டு முன்னால் நின்றிருந்தார். நாற்காலி போட்டார்கள். சுகந்தி உட்காரவில்லை. "தப்பு எங்க மேலதானுங்கம்மா. உங்க பேரப் போட்டிருக்கக் கூடாது" என்றார்.

மாரக்காள் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், உள்ள நாஞ் சொன்னதுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்குதாமா?"

"ஆமாங்க."

"நான் பேசுனதுக்கு நம்பரு. நன்றி சொல்றதுக்குப் பேரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா எதுக்கு எது வேணும்னு நானே சொல்லியிருப்பனுங்களே."

"கேட்டிருக்கோணுமுங்க. கேக்காம விட்டுப்போட்டோம்."

"நாஞ் சொன்னது பொய்யில்லீங்க. அந்தப் புள்ள வந்து எங்கூட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சுது, அதனாலதாஞ் சொன்னேன். அவிய பெரியப்பன் பதினெட்டு வருசத்துல ஒருக்காவும் எங்கூட்டுப் பக்கம் வந்ததில்லீங்க. அந்த எருமைகளுக்கு என் கையத்தான் தெரியும். அதையும் நாஞ் சொன்னேன், அத எழுதுனீங்களா? இந்த வயசுல கம்பெனி வேன்ல என்னைய யாருங்க ஏத்துவா?"

எருமைகளைப் பற்றி ஆய்வேட்டில் இல்லை. அங்கிருந்து சுகந்தி பெரியப்பாவின் வீட்டுக்கும் போனார். அவர் எழுந்து நின்று வரவேற்றார். மோர் கொடுத்தார். சுகந்தி சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டு, "வேலைக்கு வெக்கறதும் வெக்காததும் எங்க ஊட்டு விசயமுங்க. நீங்க பாடம் எடுங்க, நாங்க மாடு பாக்கறோமுங்க. மோரு குடிங்க, ஆறிப்போயிரும்" என்றார். மோர் எப்படி ஆறும் என்று திரும்பி வரும்போது சுகந்தி என்னிடம் கேட்டார். இருவரும் சிரித்தோம். அன்று அந்த ஊரில் எங்களால் முடிந்தது அதுதான்.

அடுத்த வாரம் அந்தப் பெரியப்பா இன்னும் மூன்று பேரோடு காரில் கல்லூரிக்கு வந்தார். ஊரைக் கேவலப்படுத்திவிட்டதாகப் புகார். சாதிச் சண்டையை மூட்டுகிற புராஜெக்டை யார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது என்று முதல்வர் கேட்டார். ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தவரிடம் அவர் எதையும் கேட்கவில்லை. சான்றிதழ்ப் பக்கத்தில் இரண்டு கையெழுத்துகள். இருவரும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

மதியம் சுகந்தி தன் விளக்கக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். அதன் கடைசி வரி இது: "நன்றியுரைப் பக்கம் இரண்டாம் மதிப்பீட்டாளரின் பார்வைக்குப் பின்னர், எனது அனுமதியுடன் சேர்க்கப்பட்டது." அவ்வளவும் பொய். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான்.

"இது உண்மையில்லீங்களே" என்றேன்.

"தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்குங்க?"

"ரெண்டு பேரையும் அனுப்பிப்போட்டா அடுத்த வருசம் புள்ளைங்க எல்லாம் ஆப்பிரிக்காவுக்குப் போயிருமுங்க. ஒருத்தராவது உள்ள இருக்கோணும். உங்கூட்டுல கொழந்தை பொறந்து நாலு மாசம். எனக்கு அம்மா மட்டுந்தான். பேசாம எழுதிக் குடுங்க."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அவருடைய பொய்க்குப் பொருந்துகிற மாதிரி என் விளக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அந்த ஜூனில் சுகந்தியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. என்னுடையது புதுப்பிக்கப்பட்டது. துறையில் இருந்த உங்களில் பலர், சுகந்தி அசட்டையாக இருந்துவிட்டார் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அதைத் திருத்தவில்லை. எதற்காக என்னை உள்ளே விட்டுப்போனாரோ அதையும் நான் செய்யவில்லை. அடுத்த வருடம் பிள்ளைகள் மறுபடி ஆப்பிரிக்காவைக் கொண்டுவந்தார்கள். நல்ல தலைப்பு என்றேன்.

அவர் இறந்த அன்று கணபதிக்குப் போனேன். கீழே பட்டறை ஓடவில்லை. மாடிப்படியில் அவருடைய புதிய கல்லூரியின் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கொப்பரைக் களங்களில் வேலை செய்கிறவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவர்கள். ஒரு பெண் சொன்னாள்: "எழுதுனத அவங்ககிட்டயே போயிப் படிச்சுக் காட்டாம மேடம் ஒரு பக்கங்கூட வாங்க மாட்டாங்க சார். களத்துல வெயில்ல நின்னு படிப்போம். ரெண்டு பேரு திட்டிப்போட்டாங்க. ஒருத்தரு கிழிச்சுப்போடச் சொன்னாரு. மேடம் முன்னாடியே கிழிச்சுப்போட்டோம்." பக்கத்தில் இருந்தவன் சேர்த்துக்கொண்டான்: "நன்றியுரையையும் படிச்சுக் காட்டோணுமுங்க சார்." எதனால் அந்த விதி என்று அவர்களுக்கு அவர் சொல்லியிருக்கவில்லை.

போன ஞாயிறு மாரக்காளைப் பார்க்கப் போனேன். அவர் இப்போது வாய்க்காலுக்கு அந்தப்புறம் வேறு ஊர்க் காடுகளில் கிடைத்த நாளில் மஞ்சள் வெட்டப் போகிறார். சுகந்தி இறந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. "மாசத்துக்கு ஒருக்கா போன் பண்ணுமுங்க. இந்த மாசம் நாள் தாண்டியும் வரலியேன்னு நானே கூப்புட்டேன். அவியம்மா எடுத்தாங்க" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்களுந்தான் கூட வந்தீங்க. அந்தப் பொஸ்தகத்துல உங்களுக்கு என்ன வேலைங்க?"

"கையெழுத்துப் போட்டேனுங்க."

"படிச்சீங்களா?"

"இல்லீங்க."

"படிக்காம எப்புடிங்க கையெழுத்து? எனக்குப் படிக்கத் தெரியாது, நான் ரேகை வெப்பேன். உங்களுக்குத் தெரியுமே?"

செவ்வாய்க்கிழமை முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன்: நன்றியுரை முதலிலிருந்தே அந்த ஆய்வேட்டில் இருந்தது, நான் படிக்காமல் கையெழுத்திட்டேன், சுகந்தி எழுதிக் கொடுத்தது என்னைக் காப்பாற்றுவதற்காக. முதல்வர் படித்துவிட்டு, "அவங்களே போய்ச் சேர்ந்துட்டாங்க. இப்ப எதுக்குங்க இது?" என்றார். கடிதத்தைத் திருப்பித் தரப் பார்த்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஜூனில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சோர்வாக இருக்கிறது, ஆனால் இந்தச் சோர்வு பரவாயில்லை.

சுகந்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய துணிச்சல் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அது என்னிடம் இல்லை. மிஞ்சியிருப்பது ஒரு வேலை: யாரைப் பற்றி எழுதினேனோ அவரிடம் போய்ப் படித்துக் காட்டுவது, அவர் சொன்னால் திருத்துவது. இந்தக் கட்டுரையை நேற்று மாரக்காளிடம் முழுக்கப் படித்தேன். பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க, நம்பரு வேண்டாம்" என்றார். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். அவருக்கு வேலை போய்விட்டது என்று எழுதியிருந்தேன்.

"தானாப் போகலீங்களே. நிறுத்திப்போட்டாங்க. நிறுத்துனது யாருன்னும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். மேலே நீங்கள் படித்தது அவர் திருத்தியது.